கேட்டால் ஒன்றும் கிளறிவிட்டதாகாது

குற்றாலத்துக்கு ஜூனில்தான் சீசன். பாளையங்கோட்டையில் மனநல மருத்துவம் பார்க்கிற எங்களுக்கு மார்ச்சிலேயே தொடங்கிவிடும். முதலில் ப்ளஸ் டூ பரீட்சை. அது முடிந்து பிள்ளைகள் மூச்சு விடுவதற்குள் மே முதல் ஞாயிறு நீட். அதே மாதம் ப்ளஸ் டூ ரிசல்ட், ஜூனில் நீட் ரிசல்ட், அப்புறம் கட் ஆஃப், கலந்தாய்வு, சீட்டு கிடைத்தது கிடைக்கவில்லை என்று ஆடி பிறந்த பிறகும் இழுக்கும். பதினேழு வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பெற்றோர் அதிகம் வருவது இந்த மாதங்களில்தான். வருகிறவர்களில் பாதிப் பேர் உட்காருவதற்கு முன்பே சொல்வது ஒன்றே: "ரொம்ப யோசிக்கான் டாக்டர்."

போன வாரம் ஒரு அப்பா வந்தார். சென்னையில் மளிகைக்கடை. நெல்லை எக்ஸ்பிரஸிலிருந்து இறங்கியவர் வீட்டுக்குக்கூடப் போகாமல் பையும் கையுமாக கிளினிக்குக்கு வந்துவிட்டார். அம்மாவும் பையனும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். (யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். இனி வருகிறவர்களுக்கும் அப்படியே.) பையிலிருந்து ஒரு இயற்பியல் நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திறந்து என் மேஜையில் வைத்தார். கடன் நோட்டில் பாக்கிக்குக் கோடு போடுகிற மாதிரி சில வரிகளுக்கு அடியில் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார். பையன் எழுதியிருந்தது இது:

"ஆச்சி செத்தப்போ எல்லாரும் பதினாறு நாள் அழுதாங்க. அடுத்த நாள் அப்பா கடையைத் திறக்க ஊருக்குப் போயிட்டாங்க. நான் டாக்டர் ஆனாலும் கடை திறக்கும், ஆகாட்டாலும் திறக்கும். அப்புறம் எதுக்கு இவ்வளவு?"

"பாத்தீங்களா டாக்டரம்மா, எப்படி எழுதி வச்சிருக்கான்னு? இந்த யோசனையெல்லாம் வராம இருக்கதுக்கு ஒரு மாத்திரை எழுதிக் குடுங்க."

"அவன்கிட்ட இதைப் பத்திக் கேட்டீங்களா அண்ணாச்சி?"

"ஐயையோ! கேட்டா கெளறிவிட்ட மாதிரி ஆயிராதா? அவங்க அம்மாவையும் மூச்சு விடக்கூடாதுன்னு சொல்லிட்டேன்."

ஆனால் அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து வாட்ஸப்பில் பெரியப்பாவுக்கு அனுப்பியாகிவிட்டது. பெரியப்பா மும்பையிலிருந்து ஜோசியரைப் பார்க்கச் சொல்லியாகிவிட்டது. ஜோசியர் அஷ்டமச் சனி என்று சொல்லி, திருநள்ளாறு போய் வந்தாகிவிட்டது. டியூஷன் சாருக்கும் தெரியும், எதிர்வீட்டு அத்தைக்கும் தெரியும். எழுதினவனிடம் மட்டும் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. எனக்கு எரிச்சல் வந்தது என்றால் அது இதற்காகத்தான். கோயிலுக்குப் போவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. திருநள்ளாறு போக காரில் எத்தனை மணி நேரம்! அத்தனை நேரமும் பையன் பின்சீட்டில்தான் உட்கார்ந்திருந்தான். அப்போது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?

"கேட்டால் கிளறிவிட்டதாகிவிடும்." படித்தவர், படிக்காதவர், வாத்தியார், வக்கீல், எங்கள் தொழிலிலேயே வேறு பிரிவில் இருப்பவர்கள் வரை எல்லாரும் இதைச் சொல்கிறார்கள். எத்தனை தடவை பதில் சொன்னாலும் அடுத்த வருடம் மறுபடி இதே பேச்சுத்தான். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பிள்ளையின் மனதில் இல்லாத ஒன்றை உங்கள் கேள்வி கொண்டுபோய் வைக்கும் என்று நினைக்கிறீர்கள். பதினேழு வயதில் வராத கேள்வியா இது? ரமண மகரிஷி மரணத்தைப் பற்றி யோசித்து வீட்டைவிட்டுக் கிளம்பியது 1896-இல், அவருக்கு அப்போது 16 வயது. அவ்வளவு தூரம் போக வேண்டாம், பிள்ளையின் ஃபோனை எடுத்துப் பாருங்கள். (எடுக்காதீர்கள். பேச்சுக்குச் சொன்னேன்.) வாழ்க்கை, சாவு, பிரயோஜனம், தோல்வி என்று ராத்திரி ஒரு மணிக்கு நண்பர்களோடு அவர்கள் பேசாத விஷயமே இல்லை. வீட்டில் கடைசியாகத் தெரிந்துகொள்கிற ஆள் நீங்கள்தான்.

சாவைப் பற்றியே நேரடியாகக் கேட்பது, அதாவது "உயிரை விட்டுரலாம்னு தோணுதா?" என்று கேட்பது, அந்த எண்ணத்தை உண்டாக்குவதில்லை. இது என் சொந்த அபிப்பிராயம் இல்லை. தற்கொலைத் தடுப்பு பற்றி உலக சுகாதார அமைப்பு 2014-இல் வெளியிட்ட அறிக்கையில், "இதைப் பற்றிப் பேசினால் தூண்டிவிட்டதாகும்" என்பதைக் கட்டுக்கதை என்றே சொல்லியிருக்கிறார்கள். எண்ணம் இல்லாத பிள்ளை "என்னம்மா உளறுத?" என்று கேட்டுவிட்டு எழுந்து போகும். எண்ணம் இருக்கிற பிள்ளைக்கு, யாராவது கேட்டுவிட்டார்கள் என்பதே மூச்சு விட இடம் கிடைத்த மாதிரி. நாங்கள் கேட்டவுடன் தோளை இறக்கிக்கொண்டு அழ ஆரம்பிக்கிற பிள்ளைகள் எத்தனையோ.

கேட்காமல் இருப்பது ஒன்றும் பேசாமல் இருப்பதாகாது. வீட்டில் எல்லாரும் கிசுகிசுவென்று பேசி, தான் உள்ளே வந்ததும் வாயை மூடிக்கொண்டால் பிள்ளைக்குப் புரியாதா? "எனக்கு ஏதோ கோளாறு, அதை இவங்களால தாங்க முடியாது" என்றுதான் புரிந்துகொள்கிறது. அதற்கப்புறம் அந்தப் பிள்ளையே தன் கஷ்டத்தை உங்களிடமிருந்து மறைத்து உங்களைப் பாதுகாக்க ஆரம்பிக்கும். ஆபத்து அங்கேதான்.

நம் தாமிரபரணிக் கரையிலேயே இதற்கு ஒரு கதை இருக்கிறது. ஆழ்வார்திருநகரி புளியமரப் பொந்தில் நம்மாழ்வார் பதினாறு வருடம் வாய் பேசாமல் இருந்ததாகச் சொல்வார்கள். பேச வைத்தது பக்கத்து ஊர் திருக்கோளூரில் பிறந்த மதுரகவி. "செத்ததின் வயிற்றில் சிறியது பிறந்தால் எத்தைத் தின்று எங்கே கிடக்கும்?" என்று கேட்டார், "அத்தைத் தின்று அங்கே கிடக்கும்" என்று பதில் வந்தது. உரையாசிரியர்கள் அதற்குச் சொல்லும் தத்துவம் வேறு. என் கவனம் போவது மதுரகவி கேட்ட விதத்தில். "ஏன் பேச மாட்டேங்க? எப்பப் பேசுவ?" என்று அவர் ஆரம்பிக்கவில்லை. அந்தப் பிள்ளை எதில் மூழ்கியிருந்ததோ அதைப் பற்றியே கேட்டார்.

நோட்டுக்காரப் பையன் கதைக்கு வருகிறேன். அப்பாவை வெளியே அனுப்பிவிட்டு அவனைக் கூப்பிட்டேன். நீட் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை, ஆச்சியைப் பற்றிக் கேட்டேன். அரை மணி நேரம் ஆச்சிதான். அப்பா சென்னையில் இருந்ததால் அவனை வளர்த்ததே அவள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கருப்பட்டிக் காப்பி, சாயங்காலம் ஆற்றில் குளியல், ராத்திரி அவள் பக்கத்தில் படுக்கை. அவள் இறந்தது ஜனவரியில். பரீட்சை வருகிறது என்று இவனை மூன்றாம் நாளே ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். அழக்கூட அவனுக்கு நாள் கொடுக்கவில்லை. இத்தனைக்கும் மேல், ராத்திரி பன்னிரண்டு வரை படிப்பு, காலையில் நாலு மணிக்கு எழுப்பல். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்றும் கேட்டேன். "இல்ல டாக்டர், ஆச்சி மேல கோவமா இருக்கு, அவ்வளவுதான்" என்றான். அவனுக்கு மாத்திரை எழுதவில்லை. அப்பாவுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான், இவ்வளவு தூரம் வந்துவிட்டு வெறுங்கையோடு போவதா என்று.

அதே வாரத்தில் முக்கூடல் பக்கமிருந்து ஒரு பெண் பிள்ளை. இவளைப் பற்றி வீட்டில் ஒரு புகாரும் இல்லை. வயிற்றுவலிக்குக் காட்டப் போன இடத்தில் ஒரு நல்ல டாக்டர் சந்தேகப்பட்டு இங்கே அனுப்பியிருந்தார். அம்மா பீடி சுற்றுகிறவர். கோச்சிங் சென்டருக்குக் கட்டிய ஃபீஸ் முழுக்க மகளிர் குழுக் கடன். அந்தப் பிள்ளை சிரித்துச் சிரித்துப் பேசியது, எல்லாவற்றுக்கும் "ஒண்ணுமில்ல மேடம்" என்றது. நேரடியாகக் கேட்டேன். சிரிப்பு நிற்காமலே "ஆமா" என்றது. "ஆயிரம் பீடி சுத்துனா என்ன கிடைக்கும்னு எனக்குத் தெரியும். நான் ஒரு மார்க் கொறஞ்சா எத்தனை பீடின்னு கணக்குப் போட்டுட்டே இருப்பேன். நான் இல்லாட்டி அம்மா கொஞ்சம் உக்காருவாங்க." வாழ்க்கைக்கு அர்த்தம் என்ன என்று அவள் எந்த நோட்டிலும் எழுதியதில்லை. அவளுக்கு மாத்திரை, கவுன்சலிங் இரண்டும் தொடங்கியிருக்கிறோம். அம்மாவோடும் தனியாகப் பேசினோம். (மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மாத்திரைகளுக்கு அடிமையாகிவிட மாட்டார்கள். வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும். முதல் வாரத்தில் "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்திவிட்டு வருகிறவர்களைப் பற்றித் தனியாக ஒரு நாள் எழுத வேண்டும்.)

யோசிக்கிற பிள்ளைக்கு எல்லாம் நோய் இல்லை. தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தாலோ, பிடித்த விளையாட்டும் நண்பர்களும் வேண்டாம் என்று போனாலோ, "நான் பாரம்", "நான் இல்லாட்டி நிம்மதி" என்ற பேச்சு வந்தாலோ, தனக்குப் பிரியமான பொருளை எடுத்துக் கொடுத்தாலோ, இத்தனை நாள் அல்லாடிய பிள்ளை திடீரென்று ரொம்ப அமைதியானாலோ, அது யோசனையைத் தாண்டிவிட்டது. அன்றைக்கே கூட்டிக்கொண்டு வாருங்கள். நல்ல நாள் பார்க்க வேண்டாம்.

எப்படிக் கேட்பது என்று கேட்கிறார்கள். நாற்காலியில் எதிரே உட்கார வைத்து, இரண்டு பக்கமும் அப்பாவும் மாமாவும் நின்றுகொண்டு கேட்டால் அது போலீஸ் விசாரணை. பைக்கில் பின்னால் ஏற்றிக்கொண்டு போங்கள், கொடியில் துணி காயப்போடும்போது பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். முகத்தைப் பார்க்காத இடத்தில்தான் இந்த வயதுக்குப் பேச்சு வரும். பதில் வந்தால் உடனே "நாங்கெல்லாம் அந்தக் காலத்துல..." என்று ஆரம்பிக்காதீர்கள். 1200 மார்க் காலத்தில் நீங்கள் சைக்கிளில் போனது எங்கள் எல்லாருக்கும் தெரியும். "ம்" என்று கேளுங்கள். எதற்கு வாழ்கிறோம் என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லையென்றால் "எனக்கும் தெரியலடா" என்று சொல்லலாம். பிள்ளைகள் அதை ஏற்றுக்கொள்கிறார்கள், பல சமயம் அவர்களுக்கு அது ஆறுதலாகவும் இருக்கிறது.

நாலு மணிக்கு எழுப்புவதை நிறுத்துங்கள். இந்த வயதில் தூக்கம் தாமதமாகத்தான் வரும், உடம்பின் கடிகாரம் அப்படி. 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். தூங்காத பிள்ளைக்கு உலகமே அர்த்தமில்லாததாகத்தான் தெரியும், உங்களுக்கும் எனக்கும் அப்படித்தான்.

வயலுக்கு அடிக்கிற மருந்தை வீட்டுக்குள் வைக்கவே வைக்காதீர்கள். வேறு இடம் இல்லையென்றால் பூட்டுப் போட்டு, சாவியை உங்கள் இடுப்பில் வையுங்கள். தாத்தாவின் சுகர், பிரஷர் மாத்திரைகளுக்கும் இதே பேச்சுத்தான். வரும் எண்ணம் பல சமயம் சில நிமிஷ வேகம். கைக்கு எட்டாமல் இருந்தாலே பல பிள்ளைகள் அந்த நிமிஷத்தைத் தாண்டிவிடுகிறார்கள். ரிசல்ட் வருகிற அன்றும் அடுத்த ராத்திரியும் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். சொந்தக்காரர்களுக்குக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், அன்றைக்கு ஒரு நாள் ஃபோன் போட்டு "என்ன மார்க்கு?" என்று கேட்காதீர்கள். ரோட்டோரம் கோச்சிங் சென்டர் ஃப்ளெக்ஸில் முதல் மார்க் வாங்கினவர்களின் படங்கள் அத்தனை இருக்கின்றன, அந்தப் பிள்ளைக்கு அதுவே போதும்.

மறுபடி நீட்டா, இஞ்சினியரிங்கா, பி.எஸ்ஸியா என்ற தீர்மானத்தை ரிசல்ட் வந்த வாரத்தில் எடுக்காதீர்கள். விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் போட்டு வையுங்கள், தீர்மானம் பொறுக்கும். தவறிய பாடத்துக்கு ஜூன், ஜூலைக்குள் துணைத் தேர்வு வந்துவிடும், வருடம் வீணாகாது. நீட்டுக்கு உச்ச வயது வரம்பு கிடையாது, எத்தனை தடவையும் எழுதலாம். வசதியும் அதுதான், வம்பும் அதுதான். இன்னொரு வருடம் எழுதுவது யார் ஆசை என்று, நீங்கள் இல்லாத அறையில் பிள்ளையிடம் யாராவது கேட்கட்டும். பள்ளிக்கூட டீச்சரோ சித்தப்பாவோ யாராக இருந்தாலும் சரி.

முயற்சி செய்து பிழைத்த பிள்ளையை "போலீஸ் கேஸ் ஆயிரும்" என்று பயந்து வீட்டிலேயே வைத்துப் பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம், அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை. முதலில் ஆஸ்பத்திரி, மற்றதெல்லாம் பிறகு.

பணம் இல்லை என்பதும் காரணமாக வேண்டாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு கிடையாது. ராத்திரி இரண்டு மணிக்கானாலும் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம். 104-இலும் பேசலாம். பெற்றோரும் கூப்பிடலாம், பிள்ளைகளே நேராகவும் கூப்பிடலாம்.

பிள்ளை வரமாட்டேன் என்று அடம் பிடித்தால், முதல் தடவை நீங்கள் மட்டும் வாருங்கள். எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று உட்கார்ந்து பேசுவோம். மார்க் ஷீட் கொண்டுவர வேண்டாம்.