ஒக்கி இரவும் ரெண்டு கட்டை டார்ச்சும்

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது, களியக்காவிளை பக்கம் எங்கள் ஊரில் ரப்பர் மரங்கள் மின்கம்பிகளையும் இழுத்துக்கொண்டு சாய்ந்தன. கரண்டு பல நாள் வரவில்லை. வீட்டிலிருந்த சார்ஜ் லைட் பத்து நிமிடம் மங்கலாக எரிந்து அணைந்தது. பழைய ரெண்டு கட்டை டார்ச்சின் மூடியைத் திருகினால் அசையவே இல்லை. துணி சுற்றிப் பிடித்துத் திறந்தபோது, ஸ்பிரிங் முழுக்க வெள்ளைப் பொடி பூத்து, கட்டைகள் உள்ளேயே ஒட்டிக் கிடந்தன. கடைசியில் பக்கத்து வீட்டு அண்ணன், ரப்பர் பால்வெட்டுக்குப் போகும்போது நெற்றியில் கட்டும் லைட்டைக் கழற்றித் தந்தார். "வச்சுக்க மக்களே. நாளைக்கு வெட்ட மரம் எங்க நிக்குது?"

அன்றிலிருந்து டார்ச் வாங்கப் போனால் முதலில் பேட்டரியைத்தான் பார்க்கிறேன்.

சார்ஜ் லைட்டுகள் பலவற்றில் இருப்பது சின்ன ஈய அமில பேட்டரி. சும்மா வைத்திருந்தாலும் அதன் சார்ஜ் மெல்லக் குறையும். குறைந்த நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் ஈய சல்ஃபேட் படிகங்கள் கெட்டிப்பட்டுவிடும். அப்புறம் ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டாலும் பழைய சக்தி திரும்பாது. லித்தியம் அயான் பேட்டரி இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். ஆனால் தீர்ந்துவிட்டால் அதற்கும் கரண்டு வேண்டுமே! புயல் வீட்டுக்கு, கடையில் வாங்கி மாற்றிப் போடும் கட்டை டார்ச் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அந்தக் கட்டையிலும் வகை உண்டு. மலிவான துத்தநாக கார்பன் கட்டையில் துத்தநாகக் கூடே ஒரு மின்முனை. மின்சாரம் கொடுக்கக் கொடுக்க அந்தக் கூடு அரித்து மெலிகிறது. ஓட்டை விழுந்தால் உள்ளே இருக்கும் உப்புக் கரைசல் வெளியே வந்து ஸ்பிரிங்கைத் தின்னும். எங்கள் டார்ச்சில் பூத்திருந்தது அதுதான். ஆல்கலைன் கட்டையில் துத்தநாகம் பொடியாக நடுவில் இருக்கிறது, வெளிக்கூடு எஃகு. நல்லதாக வாங்கினால் பயன்படுத்தாமலே பல ஆண்டு தாங்கும். அதுவும் தீர்ந்தபின் உள்ளே வாயு சேர்ந்து கசியலாம். அதனால் கட்டைகளை டார்ச்சுக்குள் போட்டு வைக்காமல், ஒரு கவரில் போட்டு ரப்பர் பேண்டால் டார்ச்சோடு கட்டி வையுங்கள். பழையதையும் புதியதையும் கலந்து போடவே வேண்டாம். முதலில் தீர்ந்த கட்டைக்குள் மற்றது மின்சாரத்தைத் தலைகீழாகத் தள்ளும், அது சீக்கிரம் கசியும்.

இனி வெளிச்சம். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் லூமன் (மொத்த வெளிச்சத்தின் அளவு) கணக்கைக் கண்டு மயங்கிவிடுகிறோம். ரெண்டு சின்ன (ஏஏ அளவு) ஆல்கலைன் கட்டைகளில் ஏறக்குறைய 6 வாட் மணி ஆற்றல் உண்டு. எல்இடி ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் தரும் என்று வைத்தால், 20 லூமனில் எரியும் டார்ச் இருபது மணி நேரத்துக்கு மேல் ஓடும். அதே கட்டைகள் 300 லூமனுக்கு ரெண்டு மணி நேரம்கூடத் தாங்காது. வேகமாக உறிஞ்சினால் கட்டையின் கொள்ளளவே சுருங்கிவிடும். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்குச் சமையலறையில் 20 லூமன் தாராளம். வெளிச்சம் குறைக்கும் பட்டன் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் மணிக்கணக்கிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அமெரிக்காவின் எஃப்எல் 1 தரமுறைப்படி, வெளிச்சம் தொடக்கத்தின் பத்து சதவீதத்துக்குக் குறையும் வரையுள்ள நேரம்தான் அது. தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்பதை ஐபிஎக்ஸ் எண் சொல்லும். மழைக்கு ஐபிஎக்ஸ்4 போதும். வெள்ளம் வரும் இடமென்றால், ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் ஐபிஎக்ஸ்7 பாருங்கள்.

ரெண்டு கையும் வேலையில் இருக்கும் நேரத்துக்கு நெற்றி லைட்டை மிஞ்ச எதுவுமில்லை. விடியுமுன் மரத்துக்குள் நீரழுத்தம் கூடுதலாக இருப்பதால் ரப்பர் பால் நன்றாக ஓடும். அதனால்தான் பால்வெட்டுகாரர்கள் இருட்டிலேயே கிளம்புகிறார்கள். ஒரு கையில் கத்தி, மறு கை மரத்தில். டார்ச் பிடிக்க ஏது கை?

மேசை டிராயரில் கிடக்கும் ஆல்கலைன் கட்டை புதியதா என்று பார்க்க, அதன் தட்டையான முனை கீழே இருக்கும்படி ஒரு அங்குல உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் போட்டுப் பாருங்கள். புதியது தொப்பென்று நிற்கும். பயன்படுத்தியது துள்ளும், உள்ளே கூழாக இருந்த துத்தநாகப் பொடி ஆக்சைடாகி ஒன்றோடொன்று பிணைந்துவிட்டதால். பாதி தீர்ந்ததும் முழுக்கத் தீர்ந்ததும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் துள்ளும். ஆகவே துள்ளினால் எறிந்துவிட வேண்டாம், சுவர்க் கடிகாரத்துக்குப் போடுங்கள்.