பெட்டிக் கணக்குக் கூலியும் சிறுநீரகமும்

அறுவடைக் காலத்தில் என்னிடம் வரும் வெளிநாட்டுப் பண்ணைத் தொழிலாளர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி இது: "நேற்று காலையில் வயலுக்குப் போனதிலிருந்து மதியச் சாப்பாடுவரை எத்தனை தடவை சிறுநீர் கழித்தீர்கள்?" முதுகுவலி என்று வந்தவருக்கு இந்தக் கேள்வி விநோதமாகத்தான் இருக்கும். கொஞ்சம் கூச்சப்படுவார்கள். அப்புறம் "போகவே இல்லை" என்பார்கள். சட்டை முதுகில் வியர்வை காய்ந்து உப்பு வெள்ளைக் கோடுகளாகப் படிந்திருக்கும். தக்காளிச் செடியின் கறை விரல்களில் கறுத்துக் கிடக்கும். பையிலிருந்து பாதி தீர்ந்த வலி மாத்திரை அட்டை வெளியே வரும்.

தொழில்சார் மருத்துவம் பார்க்கிறவனுக்கு இவ்வளவு போதும், சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் அளவை இரத்தத்தில் பார்க்கச் சொல்லிவிடலாம்.

தண்ணீர் குடிக்கவேண்டும் என்று இவர்களுக்குத் தெரியாமல் இல்லை. கணக்குப் போட்டுத்தான் குடிக்காமல் இருக்கிறார்கள். பல பண்ணைகளில் பறித்து நிரப்பிய பெட்டிக்குத்தான் கூலி. கழிப்பறை வயலின் மறுகோடியில் இருக்கும். போய்விட்டு வருவதற்குள் பக்கத்து வரிசைக்காரர் இரண்டு பெட்டி முன்னே போயிருப்பார். பெண்களுக்கு இதோடு பாதுகாப்புப் பயமும் சேர்கிறது. காலையிலிருந்தே அடக்கிக்கொள்கிறார்கள், சிறுநீர்ப் பாதைத் தொற்று திரும்பத் திரும்ப வருகிறது. இவர்களிடம் "நிறையத் தண்ணீர் குடிங்க" என்று மட்டும் சொல்லி அனுப்புவது, சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்குச் சமம்.

இதன் விளைவை மத்திய அமெரிக்கக் கரும்பு வயல்களில் தெளிவாகப் பார்க்கலாம். சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் இல்லாத இளம் ஆண்களுக்குச் சிறுநீரகம் செயலிழப்பதை எல் சால்வடோர் மருத்துவர்கள் 2002இல் பதிவு செய்தார்கள். நிகராகுவாவிலும் அதே கதை. அங்கிருந்து எல்லை தாண்டி கோஸ்டா ரிகாவின் குவானகாஸ்டேவுக்குக் கரும்பு வெட்டப் போகிறவர்களிடமும் இது காணப்பட்டது. பூச்சிமருந்து உட்படப் பல காரணங்கள் இன்னும் விவாதத்தில் இருக்கின்றன. ஆனால் கடும் வெயிலில் கடும் உழைப்பு, நாள்தோறும் நீர் வற்றிப்போகும் உடம்பு ஆகியவற்றின் மேல்தான் வலுவான சந்தேகம் விழுகிறது.

இதில் வலி மாத்திரையின் பங்கு தனி. உடம்பில் நீர் குறையும்போது, சிறுநீரகம் தனக்கு வரும் இரத்த ஓட்டத்தைத் தக்கவைக்கச் சில வேதிப்பொருள்களை நம்பியிருக்கிறது. டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்றவை அவற்றின் உற்பத்தியையே தடுத்துவிடும். வெயிலில் வற்றிய உடம்பில் தினமும் இரண்டு மாத்திரை என்றால், அடி எங்கே விழும் என்று யோசித்துப் பாருங்கள். முதுகுவலிக்கு அதையே எழுதிக்கொடுக்கும் முன் வேலை என்ன என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

அடுத்து, வந்து இறங்கிய முதல் வாரம். வெயிலுக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் பிடிக்கும். வேலையிடத்தில் வெப்பத்தால் நிகழும் மரணங்களில் 70 சதவீதத்துக்கும் மேல் முதல் வாரத்திலேயே நிகழ்கின்றன என்கிறது அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்புத் துறை. அதனால்தான் புதியவருக்கு முதல் நாள் வெயில் வேலை வழக்கமான அளவில் 20 சதவீதம், பிறகு நாளுக்கு அதிகபட்சம் 20 சதவீதம் கூட்டல் என்று ஒரு விதியைப் பரிந்துரைக்கிறார்கள். நடப்பில், விமானத்திலிருந்து இறங்கி மறுநாளே முழு வரிசையும் புதியவரிடம் ஒப்படைக்கப்படுகிறது. ஏஜென்டுக்குக் கட்ட வாங்கிய கடன் வேறு கழுத்தில் நிற்கும், அவரும் மெதுவாகப் போகமாட்டார். வெயிலில் ஒருவர் குழறிப் பேசினாலோ தள்ளாடினாலோ ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டுச் சும்மா நிற்கக்கூடாது. அது வருவதற்குள் உடம்பை நனைத்துக் குளிர்விக்கத் தொடங்கிவிட வேண்டும்.

புகையிலை வயல்காரர்களுக்கு இன்னொரு தொல்லை. பனியில் நனைந்த இலையிலிருந்து நிகோடின் தோல் வழியே ஏறி, வாந்தியும் தலைசுற்றலும் வரும். சிகரெட்டே தொடாதவர்கள்தான் அதிகம் அவதிப்படுவார்கள். வெப்ப மயக்கம், பூச்சிமருந்து விஷம் இரண்டோடும் இது எளிதில் குழம்பும். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, எச்சிலும் கண்ணீரும் ஒழுகினால் பூச்சிமருந்தைத்தான் முதலில் நினைக்க வேண்டும். தெளித்த வயலுக்குள் எத்தனை மணி நேரம் கழித்து நுழையலாம் என்பது மருந்து டப்பாவில் அச்சாகியிருக்கும், தொழிலாளிக்குப் படிக்கத் தெரியாத மொழியில்.

சட்டமே இல்லாமலும் இல்லை. முதுகை ஒடித்த குட்டைப்பிடி மண்வெட்டிக்குக் கலிபோர்னியா 1975இல் தடை போட்டது. வயலில் தண்ணீர், நிழல், ஓய்வு தரவேண்டும் என்று 2005இல் அதே மாநிலம் விதித்தது. தற்காலிக, பருவகாலத் தொழிலாளர்களுக்கும் நிரந்தரத் தொழிலாளர்களுக்குச் சமமான பாதுகாப்பு வேண்டும் என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2001ஆம் ஆண்டு 184ஆம் உடன்படிக்கை. ஆனால் அமெரிக்காவின் பருவகாலப் பண்ணை விசாவும் சரி, 1966 முதல் நடக்கும் கனடாவின் திட்டமும் சரி, தொழிலாளியை ஒரே முதலாளியோடு கட்டிவைத்தே நடந்துவந்திருக்கின்றன. வேலை போனால் படுக்கும் இடமும் போகும், அடுத்த ஆண்டு அழைப்பும் வராது. புகார் எழுதுவது யார்?

எனவே என் அறையில் ஒரு விதி: கங்காணியோ ஏஜென்டோ மொழிபெயர்ப்பாளராக உள்ளே வரக்கூடாது. தொலைபேசியிலாவது வேறொருவரைப் பிடித்துவிடுவேன். கங்காணி பக்கத்தில் இருந்தவரை "எல்லாம் நல்லா இருக்கு" என்றவர், கதவைச் சாத்தியதும் இருமலில் இரத்தம் வருவதைச் சொன்னதுண்டு.

அப்புறம் அந்தச் சான்றிதழ். "ஒரு வாரம் ஓய்வு" என்று நாம் சுலபமாக எழுதிவிடுகிறோம். அந்தத் தாளைச் சிலர் கிழித்துப் போட்டுவிட்டு மறுநாள் வேலைக்குப் போகிறார்கள். சிலரை அந்தத் தாளே ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது. உடனடி ஓய்வு கட்டாயமில்லை என்றால், என்ன செய்யலாம் என்பதை எழுதுகிறேன்: நிழலில் தரம் பிரிக்கும் வேலை, 20 நிமிடத்துக்கு ஒரு குவளைத் தண்ணீர், நடந்துபோகும் தூரத்தில் கழிப்பறை, மதிய உச்சி வெயிலில் வேலை இல்லை. முதலாளியிடம் போகும் தாளில் நோயின் பெயர் வேண்டியதில்லை. கிரியாட்டினின் அளவும் பரிசோதனைத் தேதியும் நோயாளியின் கைபேசியில் படமாக இருக்கட்டும். பருவம் முடிந்து அவர் ஊர் திரும்பி அங்கே பார்க்கப்போகும் மருத்துவருக்கு, ஒப்பிட்டுப் பார்க்க வேறு எதுவும் இருக்காது.