பெடியனை ‘ஒருங்கிணைப்பது’ எப்படி?

பெற்றோருக்கான விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்று. முன்னால் நின்றவர் கையிலிருந்த தாளைப் பார்த்து, ‘இளம் குற்றவாளிகளுக்குப் புனர்வாழ்வளித்து அவர்களைச் சமூகத்தில் மீள் ஒருங்கிணைத்தல்’ என்று வாசித்தார். இந்த வரியை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். ஆனால் அன்று பின்வரிசையில் ஒரு தாய் இருந்தார். சைக்கிள் களவில் பிடிபட்ட 15 வயது மகனுக்காக வந்தவர். கூட்டம் முடிய என்னிடம் வந்து மெல்லக் கேட்டார்: “தம்பி, என்ரை மோனைப் புனர்வாழ்வுக்கோ அனுப்பப் போகினம்? அவன் பிறந்ததே சண்டை முடிஞ்சாப் பிறகெல்லோ.”

தாளில் ‘புனர்வாழ்வு’க்கு மூலமாக இருந்த ஆங்கிலச் சொல் ரிஹாபிலிட்டேஷன். வேர் இலத்தீன், ‘ஹாபிலிஸ்’ என்றால் தகுதியுள்ள, ‘ரி’ என்றால் மீண்டும். பறிபோன பதவியையும் உரிமையையும் ஒருவருக்குத் திருப்பிக் கொடுப்பதற்கே இடைக்கால இலத்தீனில் இது வழங்கியது. வாழ்வு என்ற பொருள் அதில் மருந்துக்கும் இல்லை. சிங்களத்தில் ‘புனருத்தாபன’ என்கிறார்கள். நாங்கள் அதே ‘புனர்’ஐத் தமிழ் ‘வாழ்வு’டன் ஒட்டி வைத்திருக்கிறோம்.

‘புனர்’ வடசொல் என்பது எனக்குப் பெரிய குறையில்லை. புனர்பூசத்தில் பிறந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கோயில் மதில்தோறும் ‘புனராவர்த்தன கும்பாபிஷேக’ அறிவித்தல் ஒட்டியிருக்கிறது. இந்த மண்ணில் அந்தச் சொல் சுமந்த பாரம்தான் குறை. 1985இல் தமிழர் புனர்வாழ்வுக் கழகம் தொடங்கிய காலத்தில் புனர்வாழ்வு என்றால் இடம்பெயர்ந்த சனத்துக்கு உதவி. 2009க்குப் பிறகு ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் அடைபட்டிருந்த முகாம்களுக்கும் அதே பெயர். ‘புனர்வாழ்வு பெற்றவர்’ என்றால் யார் என்று யாழ்ப்பாணத்தில் ஒருவருக்கும் விளக்கத் தேவையில்லை. 2023இல் வந்த புனர்வாழ்வுப் பணியகச் சட்டத்தோடு போதைப்பொருளும் அதில் ஏறிக்கொண்டது. இவ்வளவையும் ஒரு சைக்கிள் களவின் தலையில் வைத்தால் தாய் பயப்படாமல் என்ன செய்வார்?

உடனே தனித்தமிழ் நண்பர் வருவார்: ‘புனர்’ஐ எடுத்துவிட்டு ‘மறு’வைப் போடுங்கள், மறுவாழ்வு, பிரச்சினை தீர்ந்தது. எழுத்துத்தான் மாறியது, ஐயா. மறுநாள் என்றால் அடுத்த நாள். மறுமை என்றால் இம்மை முடிந்த பிறகு வருவது. இருந்த வாழ்வு முடிந்துபோனவருக்குத்தான் மறுவாழ்வு. எல்லாம் இழந்து கடல் கடந்தவர்களுக்கு அது பொருந்தலாம்; தமிழ்நாட்டில் 2021இல் நம்மவர்களின் அகதி முகாம்களை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியபோது நானே நல்லது என்றேன். 15 வயதுப் பெடியனுக்கு எந்த வாழ்வு முடிந்தது? அவனுக்கு இருப்பது ஒரே வாழ்வு, அதுவும் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

இதையும் பொறுக்கலாம். பொறுக்க முடியாதது அந்த ‘மீள் ஒருங்கிணைப்பு’. நமக்கு ஒருங்கிணைப்பு என்றால் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு, ஒருங்கிணைப்பாளர், ஐந்து திணைக்களம் ஒரு மேசையில் இருந்து தேநீர் குடிப்பது. பெடியனை எதனோடு ஒருங்கிணைக்கிறீர்கள், நீர்ப்பாசனத்தோடா? அதைவிடப் பெரிய குறை, அந்தச் சொல்லில் செய்பவர் யாரென்றே தெரியாது. சிங்களக்காரர் ‘சமாஜகத’ என்று, சமூகத்துக்குள் போவதை நேரே சொல்லிவிடுகிறார்கள். 1991இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 40ஆம் உறுப்புரை கேட்பதும் பிள்ளை திரும்பவும் சமூகத்தில் சேர்ந்து அங்கே ஆக்கபூர்வமான பங்கை எடுப்பதைத்தான்.

தமிழில் இதற்கு வினைக்கா பஞ்சம்? பிள்ளை திருந்துகிறான். பெரியவர்கள் திருத்துகிறார்கள். ஊர் சேர்த்துக்கொள்கிறது. மூன்று வினை, மூன்று ஆள். யார் தன் வேலையைச் செய்யவில்லை என்று உடனே தெரிந்துவிடும். (மொழிபெயர்ப்பாளர்கள் பெயர்ச்சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதற்காகத்தானோ என்று சிலவேளை யோசிப்பேன்.) ‘திருத்து’ என்றால் குறைவான சொல் என்று நினைக்க வேண்டாம். சைக்கிள் கடையிலும் திருத்துகிறார்கள், காடு திருத்தியும் வயலாக்கினார்கள். சங்கப் பாட்டில் ‘திருந்திழை’ என்றால் செம்மையாகச் செய்த நகை. பெயர்ச்சொல் இல்லாமல் கந்தோர் ஓடாது என்றால் முதல் பாதிக்கு ‘நல்வழிப்படுத்தல்’ போதும். இரண்டாவது பாதிக்கு ‘சமூகம் மீளச் சேர்த்துக்கொள்ளல்’ என்று எழுதலாம். நீளம்தான், ஆனால் விளங்கும். ‘மீள்சேர்க்கை’ என்று சுருக்கலாமே என்றார் ஒருவர். பெடியன் பழுதாய்ப் போனதே கூடாத சேர்க்கையால்தானே!

இந்தத் துறையில் நல்ல தமிழே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். குற்றம் செய்தவரை மறியலுக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் விடும் ‘புரபேஷன்’ என்பதன் வேர் சோதித்துப் பார்ப்பது. வேரை விட்டுவிட்டு ‘நன்னடத்தை’ என்று எழுதியவரின் கையைப் பிடித்துக் குலுக்கலாம். அதே மூச்சில், நீதிமன்றம் பிள்ளைகளை அனுப்பும் இடத்துக்குச் சட்டம் வைத்த ‘சேர்ட்டிபைட் ஸ்கூல்’ என்ற பெயரைச் ‘சான்று பெற்ற பாடசாலை’ ஆக்கினார்களே, அதை என்ன சொல்வது? கேட்டால் பரிசு வாங்கிய பள்ளிக்கூடம் மாதிரி இருக்கிறது. அச்சுவேலியில் இருப்பதை ஊர்ச்சனம் சீர்திருத்தப் பள்ளி என்று சொல்லிவிட்டுப் போகிறது.

அந்தத் தாய்க்கு அன்று, “இல்லை அம்மா, பெடியனைத் திருத்தி ஊரோடை சேர்க்கிறதைத்தான் சொல்லுகினம்” என்றேன். பிறகு தாளை எழுதிய கந்தோருக்கு இவ்வளவையும் சுருக்கி ஒரு கடிதமும் போட்டேன். அடுத்த கூட்டத்துக்கு வந்த தாளில் திருத்தம் இருந்தது: ‘இளம் குற்றவாளிகளை நல்வழிப்படுத்திச் சமூகத்தில் மீள் ஒருங்கிணைத்தல்’.