எந்த மூர்த்தி என்று கணினிக்கு எப்படித் தெரியும்?

சுங்கை சிப்புட்டில் ஒரு ஜவுளிக்கடை, கோல கங்சாரிலும் ஈப்போவிலும் கிளைகள் என்று வைத்துக்கொள்வோம். போன தீபாவளிக்குச் சேலை எடுத்தவர்களுக்கெல்லாம் இந்த வருஷம் வாட்ஸ்அப்பில் சேதி போக வேண்டும். அந்த வேலையைச் செய்வது மார்க்கெட்டிங் ஆட்டோமேஷன். சேதியைத் திறந்தாரா, மூன்று நாள் கழித்துத் தள்ளுபடியைச் சொல். திறக்கவில்லையா, எஸ்எம்எஸ் அனுப்பு. உள்ளே இருப்பது இப்படிப்பட்ட விதிகள்தான்.

சரி, "அவர்" யார்? ஈப்போ பில்லில் உள்ள மூர்த்தியும் இணையக் கடையில் பதிந்த மூர்த்தியும் ஒரே ஆளா? அதைக் கண்டுபிடித்து, ஒருவரைப் பற்றிய தகவலையெல்லாம் ஒரே பதிவாகச் சேர்ப்பது கஸ்டமர் டேட்டா பிளாட்ஃபார்ம், அதாவது சிடிபி. 2013இல் டேவிட் ராப் என்ற ஆலோசகர் வைத்த பெயர் அது.

சிடிபி முதலில் கைப்பேசி எண்ணைப் பார்க்கும். நம் தோட்டப்புறக் குடும்பங்களில் அங்கேயே சிக்கல் வரும். அம்மாவின் எண்ணைத்தான் மகனும் மருமகளும் கொடுப்பார்கள். எண்ணை மட்டும் நம்பினால் மூன்று பேர் ஒருவராகிவிடுவார்கள். அதனால் பெயரையும் ஒப்பிட வேண்டும். மூர்த்தியை ஆங்கிலத்தில் ஒருவர் டபுள் ஓ போட்டு எழுதுவார், இன்னொருவர் யூ போடுவார். கடைசியில் ஒய்யோ ஐயோ வரும். இதற்கு 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் என்ற பழைய முறை இன்றும் உதவுகிறது. பெயரை அதன் ஒலியை வைத்து ஓர் எழுத்தும் மூன்று இலக்கமும் கொண்ட குறியீடாக மாற்றும் முறை அது. முதல் எழுத்தை வைத்துக்கொண்டு உயிரெழுத்து, எச், ஒய் எல்லாவற்றையும் தள்ளிவிடும். ஆர் வந்தால் 6, டி வந்தால் 3, மூன்று இலக்கத்துக்குக் குறைந்தால் மீதிக்குப் பூஜ்யம். மூர்த்தியை எப்படி எழுதினாலும் எம்630தான். ஆனால் மருதுவுக்கும் மார்த்தாவுக்கும் அதே எம்630! அதனால் எத்தனை எழுத்தை மாற்றினால் ஒரு பெயர் மற்றதாகும் என்ற எண்ணிக்கை, முகவரி, மின்னஞ்சல் என்று பல தடயங்களுக்கு மதிப்பெண் போட்டு, கூட்டுத்தொகை போதுமான அளவு வந்தால்தான் இரண்டு பதிவுகளையும் இணைக்கிறார்கள்.

12 இலக்க ஐசி (அடையாள அட்டை) எண்ணைக் கேட்டால் வேலை சுலபம்தான். ஆனால் அதன் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. சேலை விற்க அது எதற்கு? கேட்கவே கூடாது என்பேன்.

கடைக்கு ஒரே பில்லிங் மென்பொருள், ஒரே வாடிக்கையாளர் பட்டியல் என்றால் ஆட்டோமேஷன் போதும். சிடிபிக்குச் செலவழிக்க வேண்டாம். கிளைக்கொரு மென்பொருள், இணையத்தில் இன்னொன்று என்று தகவல் சிதறிக் கிடந்தால் சிடிபிதான் முதலில். இல்லாவிட்டால் ஆட்டோமேஷன் தப்பான ஆளுக்கு இன்னும் வேகமாகச் சேதி அனுப்பும். சட்டச் சிக்கலும் வரும். மலேசியாவின் 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, விளம்பரம் அனுப்பாதே என்று எழுதிக் கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. மூர்த்தி ஈப்போ கிளையில் எழுதிக் கொடுத்தால், அது கோல கங்சார் பட்டியலிலும் ஏற வேண்டும். எந்த மென்பொருள் விற்பவர் வந்தாலும், அது எப்படி ஏறும் என்று முதலில் காட்டச் சொல்லுங்கள்.