இல்லாத கட்டுரைக்கு ஒரு மேற்கோள்

புதுச்சேரியில் ஆய்விதழ்களுக்குப் பிரதி திருத்தும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். அண்மையில் கடலூரிலிருந்து ஆய்வு மாணவி ஒருவர், இதழுக்கு அனுப்புமுன் பார்த்துத் தரும்படி தம் கட்டுரையைக் கொண்டுவந்திருந்தார். பழக்கப்படி மேற்கோள் பட்டியலில் தொடங்கினேன். 17ஆம் மேற்கோளின் டிஓஐ எண்ணை, அதாவது இணையத்தில் அந்தக் கட்டுரைக்குரிய அடையாள எண்ணைத் தட்டினால், தொடர்பே இல்லாத வேறொரு துறையின் கட்டுரை திறந்தது. ஆசிரியர்கள் அத்துறையில் உண்மையிலேயே எழுதுகிறவர்கள், இதழும் உண்மையானது, ஆனால் அந்தத் தலைப்பில் அவர்கள் எழுதியது எதுவும் இல்லை, குறிப்பிட்ட பக்கங்களில் இருந்ததோ இன்னொருவரின் ஆய்வு. தேடத் தேட, அப்படி இன்னும் நான்கு கிடைத்தன.

"சோதனையெல்லாம் நானே செய்ததுதான் சார். முன்னுரைக்கு மட்டும் சாட்ஜிபிடியிடம் ஆதாரம் கேட்டேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் கருவி நூலகத்தைப் புரட்டி எடுத்துத் தருகிறது என்று நம்பியிருக்கிறார்; அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கோத்துத் தரும் மொழி மாதிரி, மேற்கோளையும் அப்படியே கோத்துவிடும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எனக்கு வருத்தம் அதில்தான்.

செயற்கை நுண்ணறிவுக் கருவியை ஆசிரியராகச் சேர்க்கக் கூடாது என்று ஆய்வு வெளியீட்டு நெறிமுறைகளுக்கான கோப் (COPE) அமைப்பும், மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழுவும் 2023இலேயே தெளிவாக்கிவிட்டன. எழுதியதற்குப் பொறுப்பேற்க அதனால் முடியாது என்பதே காரணம். ஆங்கிலத்தைச் செம்மைப்படுத்தப் பயன்படுத்தினால் அதை நன்றியுரைப் பகுதியிலும், தரவுப் பகுப்பாய்வுக்கோ படத்துக்கோ பயன்படுத்தினால் ஆய்வுமுறைப் பகுதியிலும் தெரிவிக்க வேண்டும் என்கிறது அக்குழு. இதழுக்கு எழுதும் முகப்புக் கடிதத்திலும் அதைச் சொல்ல வேண்டும். ஆங்கிலவழியில் படிக்காத நம் மாணவர்களுக்கு மொழித்திருத்தம் பெரிய உதவி. அதை மறைக்க வேண்டியதே இல்லை.

ஆனால் தெரிவித்துவிட்டால் மட்டும் போதாது. 2024 பிப்ரவரியில் ஓர் உயிரியல் இதழில் வெளியான கட்டுரையின் படங்கள் மிட்ஜர்னி என்ற, படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவியில் உருவாக்கப்பட்டவை என்று ஆசிரியர்களே குறிப்பிட்டிருந்தார்கள். உறுப்புகள் உருக்குலைந்த எலியும் பொருளற்ற சொற்களும் கொண்ட அந்தப் படங்கள், அதே துறை அறிஞர்கள் செய்யும் மதிப்பாய்வைத் தாண்டி அச்சேறின. சில நாள்களில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. மதிப்பாய்வாளர் ஒருவர் படங்களைப் பற்றிக் கேள்வி எழுப்பியும், அதற்கு ஆசிரியர்கள் பதில் தராமலே கட்டுரை வெளியாகியிருந்தது.

மதிப்பாய்வாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்களிடம் வரும் வெளியாகாத கட்டுரை இன்னொருவரின் உழைப்பு. இரகசியம் காப்பதாக ஒப்புக்கொண்டுதான் அதை வாங்குகிறீர்கள். அதைச் சுருக்கித் தரச் சொல்லிப் பொதுக் கருவியில் ஏற்றுவது அந்த ஒப்புதலை மீறுவது.

மாணவி இரண்டு வாரம் கழித்து வந்தார். ஐந்தில் மூன்று மேற்கோள்களுக்குப் பதிலாக, தாமே படித்த உண்மையான கட்டுரைகளைச் சேர்த்திருந்தார். மற்ற இரண்டும் தாங்கி நின்ற கருத்துக்கு எங்கும் ஆதாரம் கிடைக்காததால், முன்னுரையின் இரண்டாம் பத்தியை முழுவதுமாக நீக்கியிருந்தார்.