வினைல் பிளாங்க்: தமிழில் எப்படிச் சொல்வது?

களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை பக்கத்துக் கடைகளில் மரம்போல் தோன்றும் இந்தப் பிளாஸ்டிக் தரைப்பொருளுக்கு ஒரே பெயர் நிலைக்கவில்லை. கடைக்காரர் ‘வினைல் பிளாங்க்’ என்பார். வாங்க வந்தவர் ‘மர மாடல்’ என்பார். கூட வந்த பெரியவர் ‘ஸ்டிக்கர் தரையா?’ என்று கேட்பார். ‘மர மாடல்’ என்றால் மரம் என்று எண்ணிக் கூடுதல் விலை கொடுப்பவர் உண்டு. ‘ஸ்டிக்கர்’ என்றால் ஒட்டக்கூடாத வகையைப் பசை தடவி ஒட்டிவிடுபவரும் உண்டு. ஆள் வைக்காமல் வீட்டுக்காரரே போட்டுக்கொள்ளக்கூடிய தரை இது. அதனால்தான் பெயர் சரியாக இருக்க வேண்டும் என்கிறேன்.

வினைல் என்பது வேதியியல் பெயர். இலத்தீனில் ‘வீனும்’ என்றால் திராட்சைத் தேறல். வினைல் என்ற பெயரின் தலை அது; வால் கிரேக்கத்தின் ‘ஹூலே’. முதலில் மரம், காடு என்றும் பிறகு மூலப்பொருள் என்றும் பொருள் தந்த சொல். தேறலில் உள்ள எத்தில் ஆல்கஹாலுக்கும் எத்திலீன் வாயுவுக்கும் உள்ள உறவை வைத்து, எத்திலீனில் ஒரு ஹைட்ரஜன் குறைந்த தொகுதிக்கு ஜெர்மன் வேதியியலாளர் ஹெர்மன் கோல்பே 1851இல் இப்பெயரை இட்டார். ஆக, பெயருக்குள் மரம் இருக்கிறது, பலகைக்குள் இல்லை. உள்ளே இருப்பது பாலிவினைல் குளோரைடு, அதாவது நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயின் பி.வி.சி. 1872இல் ஆய்கன் பௌமன் இதைக் கண்டபோது விறைத்த, எளிதில் உடையும் பொருளாகவே இருந்தது. 1926இல் அமெரிக்காவில் வால்டோ செமன் அதை வளையும்படி செய்தார். 1933 சிகாகோ கண்காட்சியில் தரை ஓடாகவே வந்துவிட்டது.

இதைத் தமிழில் ‘நெகிழி’ என்று மாற்றலாமா? நெகிழ்வது நெகிழி, பிளாஸ்டிக்குக்கு நல்ல சொல்தான். ஆனால் இன்று கடையில் அதிகம் விற்கும் எஸ்.பி.சி. வகை, சுண்ணாம்புக்கல் பொடியும் பி.வி.சி.யும் கலந்து அழுத்தியது. கல்போல் விறைப்பாக நிற்கும், கத்தியால் கீறி மடக்கினால் ஒடியும். நெகிழாததை நெகிழி என்று அழைத்தால் வாங்குபவருக்குக் குழப்பமே மிஞ்சும். எல்லா பிளாஸ்டிக்கும் வினைலும் அல்ல. குளோரின், அயோடின் போல வினைலையும் அப்படியே வைத்துக்கொள்வது நல்லது.

பிளாங்க் விஷயம் வேறு. அதற்குப் பலகை என்ற சொல் நம் கையிலேயே இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் ‘பலக’. தெலுங்கில் ‘பலக’ என்றால் பிள்ளைகள் எழுதும் சிலேட்டு. பழந்தமிழில் கேடயத்துக்கும் பலகை என்ற பெயர் இருந்தது. மரத்தைவிட, தட்டையான நீள்வடிவமே சொல்லின் உயிர் என்பது இதிலிருந்து தெரியும். ஆகவே மரமல்லாத ஒன்றைப் பலகை என்பதில் பிழையில்லை. பழைய கடைகளை மூட ஒன்றன்பின் ஒன்றாகக் காடியில் இறக்கும் பலகைகளை மலையாளத்தில் ‘நிரப்பலக’ என்பார்கள். வினைல் பலகைகளும் அப்படித்தான், ஒன்றின் விளிம்பு மற்றதன் விளிம்பில் இறங்கி நிரையாக நிற்கின்றன. அந்த விளிம்பு அமைப்புக்கும் ஆசாரிமாரிடம் சொல் உண்டு. நீட்டி நிற்பது நாக்கு, அது புகும் பள்ளம் காடி. ‘கிளிக் லாக்’ என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை ‘நாக்கு காடிப் பூட்டு’ என்றால் நம்மூர் ஆசாரி விளக்கம் கேட்க மாட்டார்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது வினைச்சொல். ‘ஒட்டுதல்’ என்று பொதுவாகச் சொல்வதை விட்டுவிட வேண்டும். தமிழில் கல்லையும் ஓடுகளையும் தரையில் பரப்பி அமைப்பது பாவுதல், மலையாளத்தில் பாகுக. தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டும் நூலும் பாவுதான். பரப்புதல் என்ற கருத்து இரண்டிலும் உண்டு, பசை எதிலும் இல்லை. பூட்டு வகைப் பலகைகள் தரையோடு பிணையாமல் ஒரே விரிப்பாக மேலே கிடக்கின்றன. அதனால் இதை மிதவைத் தரை எனலாம். வெயிலில் சற்று விரியும், குளிரில் சுருங்கும். அதற்காகச் சுவரோரம் சுற்றிலும் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் விட வேண்டும். சரியான அளவு பெட்டிக் குறிப்பில் இருக்கும். இதைப் பசையால் ஒட்டினாலோ, கனத்த அலமாரியைத் தரையோடு சேர்த்துத் திருகி முடுக்கினாலோ விரிய இடமின்றி நடுவில் எழும்பும். ஒட்டும் வகை தனியே உண்டு; அதை மட்டும் ‘ஒட்டுப்பலகை’ என்று பிரித்துச் சொல்லலாம்.

அடுத்தது ‘மில்’. மேலே தேய்மானம் தாங்கும் ஒளிபுகும் படலத்தின் கனத்தைச் சிலர் மில்லில் சொல்வார்கள், சிலர் மில்லிமீட்டரில். இரண்டும் ஒன்றல்ல. மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 0.0254 மி.மீ. ‘12 மில்’ என்றால் ஏறக்குறைய 0.3 மி.மீ., ‘20 மில்’ என்றால் 0.5 மி.மீ. படுக்கையறைக்கு முதலாவது போதும். பிள்ளைகள் ஓடியாடும் முன்னறைக்கு இரண்டாவதைக் கேளுங்கள். பலகையின் மொத்தக் கனத்தைக் காட்டி இதை மறைக்கப் பார்த்தால் விடாமல் கேளுங்கள். தேய்வது மேற்படலம்தான்.

குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்யும். ஈரம் சிமெண்ட் தரை வழியே மேலேறும். பத்மநாபபுரம் அரண்மனையின் கண்ணாடிபோல் மின்னும் கருந்தரையில் சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெண்கரு சேர்த்தார்கள் என்று சொல்வார்கள். அங்கே தரையும் பூச்சும் ஓருடல். பாவிய பலகை அப்படியல்ல, அடியில் சிக்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் பூஞ்சணமாகும். ஆகவே பாவுவதற்கு முன் 45 செ.மீ. சதுர பாலித்தீன் தாளைத் தரையில் நான்கு பக்கமும் டேப் ஒட்டிக் குறைந்தது 16 மணி நேரம் விட்டுப் பாருங்கள். உள்ளே நீர்த்துளி படிந்தாலோ தரை கறுத்தாலோ அந்த அறைக்கு இது இப்போதைக்கு வேண்டாம். மட்டமும் பார்க்க வேண்டும். நீண்ட மட்டப்பலகையை வைத்தால் 3 மீட்டருக்கு 5 மி.மீ.க்கு மேல் பள்ளம் தெரியக்கூடாது. தெரிந்தால் முதலில் கொத்தனாரைக் கூப்பிட்டு நிரப்புங்கள். பள்ளத்தின்மேல் நாக்கு தினமும் மடங்கி ஒருநாள் முறியும்.

மற்றவை எளிது. தேவையைவிடப் பத்து விழுக்காடு கூடுதலாக வாங்கி, பெட்டிகளை இரண்டு நாள் அதே அறையில் படுக்க வையுங்கள். அறையின் அகலத்தை முதலிலேயே அளந்து, கடைசி வரிசை கீற்றாகிவிடாதபடி முதல் வரிசையை அறுத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த வரிசைகளில் பலகை முனைகள் சேரும் முட்டுகள் ஒரே கோட்டில் வரக்கூடாது, 15 செ.மீ.யாவது தள்ளி விழட்டும். பலகை விளிம்பில் நேரே அடிக்காமல் இடையே ஒரு கட்டையை வைத்துக் கொட்டாப்புளியால் மெல்லத் தட்டுங்கள்.

‘ஸ்கர்ட்டிங்’ என்பதைச் சுவரடிப் பட்டை எனலாம். அது சுவரோரம் விட்ட இடைவெளியை மூடும். பெயரிலேயே சுவர் இருப்பதால் எங்கே ஆணி அடிப்பது என்ற ஐயம் வராது. சுவரில்தான் அடிக்க வேண்டும், பலகையில் கூடாது.