ஆயிரம் லிட்டர் தண்ணீரும் ஒரு கெட்டில் வெந்நீரும்

சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) புளோக்கின் மொட்டைமாடி சுமார் 35 மீட்டர் உயரம். அங்கிருந்து ஆயிரம் லிட்டர் தண்ணீரைக் குழாய் வழியே இறக்கி ஒரு டர்பைனைச் சுழற்றினால் எவ்வளவு மின்சாரம் கிடைக்கும்? வழியில் பத்து சதவீதம் வீணாகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். அவ்வளவுதான். ஒரு டன் தண்ணீர் கீழே வந்து நாலு கிளாஸ் தேநீர்!

நீர்மின்சாரத்தில் கணக்கு இரண்டே இரண்டு: எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உயரம். சிங்கப்பூரில் 17 நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன, உயரம்தான் இல்லை. கடலோரத்தில் இருக்கும் மரீனா அணைக்கட்டில் நிலைமை இன்னும் வேடிக்கை. கடல்மட்டம் ஏறியிருக்கும் நேரத்தில் பெருமழை பெய்தால், தண்ணீரைப் பம்பு வைத்து வெளியேற்ற வேண்டும். அணையிலிருந்து மின்சாரம் எடுப்பது இருக்கட்டும், அணைக்கே மின்சாரம் தேவை.

அதனால் உயரம் இருக்கும் இடத்திலிருந்து வாங்குகிறோம். 2022 ஜூனிலிருந்து லாவோஸின் நீர்மின்சாரம், 100 மெகாவாட் வரை, தாய்லாந்து, மலேசியா வழியாக இங்கே வரத் தொடங்கியது.

அந்த நாட்டு அணைகளில் நாம் தூன் 2 எனக்குப் பிடித்த உதாரணம். (லாவோ மொழியில் ‘நாம்’ என்றால் தண்ணீர்.) அணை ஏறக்குறைய எங்கள் புளோக் உயரம்தான். ஆனால் அது நிற்பது நாக்காய் பீடபூமியின் மேல். தண்ணீரை அணையடியில் விடாமல், சுரங்கம் வழியாகப் பீடபூமியின் விளிம்புக்குக் கொண்டுபோய் சுமார் 350 மீட்டர் கீழே இறக்குகிறார்கள். அப்புறம் அது வேறோர் ஆற்றில் சேர்கிறது. அதே ஆயிரம் லிட்டர், இப்போது பத்து கெட்டில்.

சரி, உயரத்தைப் பீடபூமியே கொடுத்துவிடுகிறதே, பிறகு 450 சதுர கிலோமீட்டர் ஏரி எதற்கு? சிங்கப்பூரில் பாதிக்கு மேல் மூழ்கிவிடும் பரப்பு அது. காரணம் மழை. அங்கே மே முதல் அக்டோபர் வரை கொட்டும், மிச்ச மாதங்களில் காய்ந்து கிடக்கும். டர்பைனோ ஆண்டு முழுவதும் சுற்ற வேண்டும். ஆக, அந்த ஏரி ஒரு பெரிய பேட்டரி.

ஆழம் குறைந்த பேட்டரி என்பதுதான் சிக்கல். பீடபூமி தட்டையானது, நீரைச் சேமிக்க அகலமாகப் பரப்ப வேண்டியிருந்தது. சுமார் 6,200 பேர் இடம்பெயர்ந்தார்கள். மூழ்கிய செடிகொடிகள் அடியில் அழுகி, பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவும் வெளியானது. கோடை முற்றும்போது ஏரி வெகுவாகச் சுருங்கி, கரைநெடுக சேறு தெரியும். மே மாத மழை வந்தால்தான் அது மறுபடி மறையும்.